வேலையை விடும் முன் ஒரு வெப் பக்கம்

வங்கியிலோ ஜவுளிக்கடைக் கணக்கிலோ இருந்தவர்கள் முப்பது வயதுக்கு மேல் வெப் டெவலப்பர் ஆவது இன்று புதிதல்ல. உள்ளூரிலேயே பயிற்சி மையங்களும் வந்துவிட்டன. பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் இலவசமாக முயன்று பார்ப்பது நல்லது. 2014-ல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் காசில்லாமல் படிக்கலாம். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 தட்டினால், பார்க்கும் பக்கத்தின் கோடு ஓரத்தில் விரியும். ஒரு பட்டனின் நிறத்தைக்கூட மாற்றிப் பார்க்கலாம். (பயம் வேண்டாம், ரீலோட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.) சிஎஸ்எஸ்ஸில் விட்டுப்போன ஒரு செமிகோலனைத் தேடி ஒரு மணி நேரம் போன பிறகும் ஆர்வம் மிச்சமிருந்தால், மையத்தின் படியேறலாம்.

அங்கே டெமோ வகுப்பு கேட்க வேண்டும். சொல்லும் கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்குமா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குவது அவசியம். ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ பலகையை நம்புவதைவிட, பழைய மாணவர்கள் தங்கள் கோடை ஏற்றி வைத்திருக்கும் கிட்ஹப் தளப் பக்கங்களைப் பார்ப்பது மேல். எல்லாரிடமும் ஒரே புராஜெக்ட் இருந்தால், அது வகுப்பில் பார்த்து அடித்ததுதான்.

பழைய தொழிலை மறைக்கவே வேண்டாம். கணக்கர் ஒருவர் ஜிஎஸ்டி பில் போடும் பக்கம் செய்தால், இன்டர்வியூவில் பேச அவரிடம் விஷயம் இருக்கும். அதை கிட்ஹப்பின் ‘பேஜஸ்’ சேவையில் செலவில்லாமல் ஏற்றலாம்.

மையத்தில் மாலை அல்லது வார இறுதி பேட்ச் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால், ராஜினாமாக் கடிதத்துக்கு அவசரமில்லை.