வாய்வழி நீரேற்றக் கரைசல்: அளவும் தயாரிப்பும்

பொருள்கள் நீரில் கரைவது அன்றாடம் காணப்படும் நிகழ்ச்சி. ரசத்தில் உப்பும் தேநீரில் சர்க்கரையும் கரைகின்றன. அவற்றின் அளவு சற்று ஏறினாலும் குறைந்தாலும் சுவை மட்டுமே கெடும். மருந்துக் கரைசலிலோ அளவு பிழைத்தால் நோயாளிக்கே தீங்கு நேரும். இவ்வுண்மையை எளிதில் விளக்கும் எடுத்துக்காட்டு, வயிற்றுப்போக்கு கண்டவர்களுக்குக் கொடுக்கப்படும் வாய்வழி நீரேற்றக் கரைசலாகும். ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரால் இதனை எல்லோரும் அறிவர். இது பெரும்பாலும் மருந்தாளுநரின் கையால் அன்றி, தாயின் கையால், சமையலறையில் தயாரிக்கப்படும் மருந்து என்பதே இதன் தனிச்சிறப்பு.

பாலக்காடு, இடுக்கி ஆகிய மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடாதவை. எனினும் இரண்டும் தமிழ்நாட்டை எல்லையாகக் கொண்டவை. சித்தூர் வட்டத்துச் சிற்றூர்கள், அட்டப்பாடி, நெல்லியாம்பதி, மூணாறு, மறையூர், உடும்பன்சோலை, குமுளி ஆகிய இடங்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. ஏலத்தோட்ட வேலைக்காகப் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து மக்கள் மலையேறி வருகின்றனர். 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்ட இடமலக்குடியில் முதுவர் குடியிருப்புகள் காட்டினுள் சிதறிக் கிடக்கின்றன. இத்தகைய இடங்களில் மருத்துவமனையை அடையும் வரை நோயாளியின் உயிரைத் தாங்கி நிற்பது வீட்டில் கலக்கும் கரைசலேயாம். ஆகவே அதனைச் சரியாகக் கலக்கக் கற்பிப்பது களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் முக்கியமான பணியாகும்.

கரைசலும் செறிவும்

கரையும் பொருளைக் கரைபொருள் என்றும், அதனைக் கரைக்கும் நீர்மத்தைக் கரைப்பான் என்றும் கூறுவர். இரண்டும் சேர்ந்து எங்கும் ஒரே தன்மையுடையதாக நிற்பது கரைசல். தூள் கரையாமல் மிதந்து, சற்று நேரத்தில் அடியில் படியுமானால் அது கரைசலன்று, தொங்கல் எனப்படும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் சில நோய்க்கொல்லி மருந்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றை ஒவ்வொரு முறையும் குலுக்கிக் கொடுக்கவேண்டும் என்று புட்டியில் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே. உண்மையான கரைசலின் முதற்கரண்டிக்கும் கடைசிக் கரண்டிக்கும் வேறுபாடு இல்லை.

குறிப்பிட்ட அளவு கரைசலில் எவ்வளவு கரைபொருள் உள்ளது என்பதே செறிவு. மருத்துவமனைகளில் இரத்தக்குழாய் வழியே செலுத்தப்படும் சலைன் நீரில், ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. இதனை 0.9 சதவீதக் கரைசல் என்பர். இரத்தத்தின் செறிவுக்கு இது ஏறத்தாழ ஒத்திருப்பதால்தான் அதனைச் செலுத்த முடிகிறது. உப்பின் அளவை மாற்றாமல் நீரை மட்டும் குறைத்தாலும் செறிவு உயர்ந்துவிடும். மருந்துத் தூளைத் தொழிற்சாலை சரியாக நிறுத்துப் பொட்டலம் கட்டியிருந்தாலும், நீரை அளப்பவர் பிழை செய்தால் கரைசல் பிழையாகிவிடும் என்பது இதனால் விளங்கும்.

இக்கரைசல் தோன்றிய வரலாறு

வாந்திபேதியில் நோயாளியைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்புக்களும் வெளியேறிப் போவதாகும். நீண்ட காலம் சலைன் ஏற்றுவதே இதற்குரிய சிகிச்சையாக இருந்தது. 1953ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, உப்பும் குளுகோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து நோயாளிகளைக் குணப்படுத்தியதைப் பதிவு செய்தார். ஆயினும் அதன் காரணம் அப்போது தெளிவாகவில்லை. சிறுகுடலின் சுவர் சோடியத்தையும் குளுகோஸையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது என்னும் கருத்தை 1960இல் ராபர்ட் கிரேன் வெளியிட்டார். அவ்விரண்டும் உட்புகும்போது நீரும் அவற்றைத் தொடர்ந்து செல்கிறது. காலராக் கிருமியின் நச்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றினாலும், இவ்வழியை அடைப்பதில்லை. குளுகோஸ் இன்றி உப்புநீரை மட்டும் குடித்தால் போதிய பயன் விளையாததன் காரணமும் இதுவே.

1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்குள் வந்தனர். எல்லையை ஒட்டிய பொங்காவ் என்னும் ஊரில் காலரா பரவியது. சலைன் புட்டிகள் போதவில்லை. மருத்துவர் திலீப் மஹாலநாபிஸ் ஒரு லிட்டர் நீருக்குக் குளுகோஸ் 22 கிராம், சமையலுப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்னும் கணக்கில் கலவையை நிறுத்துப் பொட்டலம் கட்டச் செய்தார். பொட்டலங்களின் வாய், சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டப்பட்டது. குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைசலைக் கலந்து வைத்தனர். நோயாளிகளின் உறவினரே அதனைக் குவளைகளில் பிடித்துப் புகட்டினர். அவரது குழுவின் கவனிப்பில் இருந்தவர்களுள் இறந்தோர் 3.6 சதவீதமே. மருத்துவப் பயிற்சி பெறாதவர்களும் இச்சிகிச்சையை நடத்த இயலும் என்பது அங்கே உறுதியாயிற்று. மஹாலநாபிஸ் 2022இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பொட்டலத்தில் உள்ளவை

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும் 2002ஆம் ஆண்டில் திருத்தி அமைத்த வாய்பாடே இன்று வழக்கில் உள்ளது. ஒரு லிட்டர் கரைசலுக்கு வேண்டியவை வருமாறு:

சோடியம் குளோரைடு (சமையலுப்பு) – 2.6 கிராம்
நீரற்ற குளுகோஸ் – 13.5 கிராம்
பொட்டாசியம் குளோரைடு – 1.5 கிராம்
டிரைசோடியம் சிட்ரேட் – 2.9 கிராம்

ஆக மொத்தம் 20.5 கிராம். உப்பு, சோடிய இழப்பை ஈடுசெய்கிறது. குளுகோஸ் அதனைக் குடலினுள் கொண்டுசெல்ல உதவுகிறது. பேதியுடன் வெளியேறும் பொட்டாசியத்துக்குப் பொட்டாசியம் குளோரைடு ஈடாகிறது. இரத்தத்தில் மிகும் அமிலத்தன்மையைச் சிட்ரேட் தணிக்கிறது.

கரைந்துள்ள துகள்களின் செறிவை மில்லி ஆஸ்மோல் என்னும் அலகால் குறிப்பர். மேற்கண்ட கரைசலில் இது லிட்டருக்கு 245. இரத்தத்தில் ஏறத்தாழ 290. ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை அரை லிட்டர் நீரில் கரைத்தால் இவ்வளவு 490 ஆகிவிடும். 200 மில்லி கொள்ளும் ஒரு தம்ளரில் முழுவதையும் கொட்டினால் 1,225 ஆகும். அப்போது கரைசல் குடலினுள் நீரை அனுப்புவதற்குப் பதிலாக, உடலிலுள்ள நீரையே குடலுக்கு இழுக்கும். பேதி மிகும், இரத்தத்தில் சோடியம் ஏறி, குழந்தைக்கு வலிப்பு உண்டாகவும் கூடும். மாறாக, இரண்டு லிட்டரில் கரைத்தால் செறிவு பாதியாகி, இழந்த உப்பு திரும்பக் கிடைக்காது.

தயாரிக்கும் முறை

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். பாத்திரமும் கரண்டியும் தூய்மையாக இருத்தல் வேண்டும்.

2. பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் நீரின் அளவைப் படிக்கவேண்டும். ஒரு லிட்டருக்குரியவையும் 200 மில்லிக்குரிய சிறியவையும் கிடைக்கின்றன. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிக் கருதுவதே பெரும்பிழைக்குக் காரணமாகிறது.

3. கொதிக்கவைத்து ஆறிய நீரை அளந்து எடுக்கவேண்டும். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளமையால் அங்கு நீர் சுமார் 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கிருமிகளை அழிக்க அவ்வெப்பம் போதும். நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிஷம் விட்டுவைத்தால் போதுமானது.

4. பொட்டலம் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி, தூள் முற்றிலும் கரையும் வரை கலக்கவேண்டும். பாதித் தூளை எடுத்து மீதியைச் சேமித்து வைக்கலாகாது. கண்ணளவில் தூளைச் சரிபாதியாக்க இயலாது.

5. கரைத்தபின் கொதிக்கவைக்கக் கூடாது. நீர் ஆவியாகிச் செறிவு உயர்ந்துவிடும். சர்க்கரை, பால், பழரசம், சோடா பானம் ஆகிய எதனையும் சேர்க்கலாகாது.

6. மூடிவைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவேண்டும். எஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும்.

கொடுக்கும் முறை

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி வரை கொடுக்கலாம். இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. அதற்கு மேற்பட்டோர் வேண்டுமளவு பருகலாம். சிறு குழந்தைக்குக் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுவது நன்று. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மீண்டும் மெதுவாகக் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்துதல் தவறு. இத்துடன் துத்தநாக மாத்திரையும் 14 நாட்களுக்குக் கொடுக்கப்படுகிறது. இரண்டு முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம்; அதற்கு மேல் ஐந்து வயது வரை 20 மில்லிகிராம். அதனை ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ நீரிலோ கரைத்துக் கொடுப்பர்.

பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி அளந்த ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் ஏற்றதே. இவற்றில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் போதிய அளவில் இல்லையாதலால், பொட்டலம் வந்து சேரும்வரை மட்டுமே இவை துணை நிற்கும்.

கடைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றாகா. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டுக்கு இணங்காத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரைத் தாங்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

குழந்தை குடிக்க இயலாமல் சோர்ந்து கிடத்தல், கண்கள் குழிவிழுதல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மிக மெதுவாகப் படிதல், மலத்தில் இரத்தம் காணுதல் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். குழந்தை விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லவேண்டும்.

எல்லைப் பகுதியில் கற்பிப்போர் கவனிக்கவேண்டியவை

சொல் மயக்கம் இங்கு எளிதில் நேரும். தமிழில் சர்க்கரை என்றால் பெரும்பாலும் சீனியைக் குறிக்கும். மலையாளத்திலோ அச்சொல் வெல்லத்தைக் குறிக்கும், சீனிக்குப் பஞ்சசார என்பதே பெயர். தமிழர் கூறும் வெல்லம், மலையாளச் செவிக்கு நீரைக் குறிக்கும் 'வெள்ளம்' போல ஒலிக்கக் கூடும். ஆகவே வாயால் சொல்லுவதோடு நில்லாமல், பொருள்களைக் கையில் எடுத்துக் காட்டிக் கற்பித்தல் வேண்டும். உப்பு, லிட்டர் என்னும் சொற்கள் இரு மொழிக்கும் பொதுவாதலால் அவற்றில் குழப்பம் இல்லை.

அளவைக் கற்பிக்க ஒரு பயிற்சி போதும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தம்ளரை வகுப்புக்குக் கொண்டுவரட்டும். பள்ளியின் அளவுக் குடுவையால் ஒவ்வொன்றும் எத்தனை மில்லி கொள்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளட்டும். ஒரு லிட்டருக்குச் சிலருடைய தம்ளரில் நான்கு வேண்டும். சிலருடையதில் ஆறு வேண்டும். 'ஐந்து தம்ளர் தண்ணீர்' என்று பொதுப்படச் சொல்வது எவ்வளவு நம்பத்தகாதது என்பதை மாணவர் தாமே கண்டறிவர். கடையில் வாங்கும் ஒரு லிட்டர் குடிநீர்ப் புட்டி எந்த ஊரிலும் கிடைக்கும் அளவுகோலாகும். அதனால் வீட்டுப் பாத்திரம் ஒன்றில் ஒரு லிட்டர் நீர் ஊற்றி, நீர்மட்டத்தில் அழியாத கோடு ஒன்று இட்டுவைக்கலாம்.

செறிவின் விளைவைக் காட்ட, உருளைக்கிழங்குத் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் வெறும் நீரிலும் மற்றொன்றில் அடர்ந்த உப்புநீரிலும் சில மணி நேரம் ஊறவைக்கலாம். முன்னது விறைத்து நிற்கும். பின்னது நீரிழந்து துவளும். அளவு தவறிய கரைசல் குழந்தையின் உடலில் செய்வதும் இத்தகையதே. கோடிட்ட அந்தப் பாத்திரம் ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்குமானால், நோய் வந்த இரவில் யாரையும் கேட்காமலே சரியான கரைசல் தயாராகிவிடும்.