ஒரு நாள் மலரைப் படம் பிடிப்பது எப்படி?

செம்பருத்தியை அறியாதவர் நம்மில் எவரும் இலர். 1960-ஆம் ஆண்டில் இந்நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது அதுவே. செந்தூலில் வீட்டு வேலியோரத்திலும், அடுக்குமாடி வீடுகளின் நடைவழித் தொட்டிகளிலும் அதைக் காணலாம். ஆனால், எளிதில் கிடைக்கும் அம்மலர் படத்தில் எளிதில் அகப்படுவதில்லை. காலையில் விரிந்து, பெரும்பாலும் அன்று மாலையே சுருங்கிவிடும்; நாளை பூப்பது வேறு மலர். அந்த ஒரு நாளைக்குள் செய்யவேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம். விலையுயர்ந்த காமிரா தேவையில்லை, கைத்தொலைபேசியே போதும். வேண்டாததை விலக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, பின்னணி. பூவைப் பார்க்குமுன் அதன் பின்னால் என்ன இருக்கிறதென்று பாருங்கள். துணிக்கொடி, வாளி, இரும்புக் கம்பி ஆகியவை எடுக்கும்போது கண்ணில் படாமலிருந்து, பிறகு படத்தில் தலைகாட்டும். ஓரடி நகர்ந்தாலோ, சற்றுக் குனிந்தாலோ அவை மறைந்துவிடக்கூடும். தொட்டிச் செடியானால் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள்; தூரம் கூடக்கூடப் பின்னணி மங்கி, பூ தனித்து நிற்கும். காய்ந்த இலையையும் சிலந்தி வலையையும் முன்னரே கையால் அகற்றிவிட்டால் பின்னர் சிரமம் இல்லை.

இரண்டாவது, வெளிச்சம். நண்பகல் வெயில் மேலிருந்து இறங்குவதால் இதழ்களின் மேற்புறம் வெளுத்து, உட்குழி இருண்டுவிடும். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை உகந்த நேரம். மேகம் மூடிய வானமும் நன்று. வெயிலில்தான் எடுக்கவேண்டுமாயின், மற்றொருவர் வெள்ளைத் துணியைப் பூவுக்கு மேலே பிடிக்கட்டும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தாலும், அதில் பட்டுத் திரும்பும் ஒளி இருளைக் குறைக்கும்.

மூன்றாவது, கோணம். செம்பருத்தியின் நடுவிலிருந்து மகரந்தத் தண்டு நீண்டு வெளியே வரும். அதன் நுனியில் ஐந்து சூல்முடிகள் உண்டு. எதிரே நின்று மிக நெருங்கி எடுத்தால், நுனி தெளியும்போது இதழ்கள் மங்கும். இதழ்கள் தெளியும்போது நுனி மங்கும். பக்கவாட்டில் நின்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால் இரண்டுமே தெளிவாக விழும். தண்டு எத்திசையை நோக்குகிறதோ, அத்திசையில் சற்று வெற்றிடம் விடுங்கள். பூ நட்டநடுவில் இருக்கவேண்டியதில்லை.

நான்காவது, சிவப்பு. பலரும் ஏமாறும் இடம் இதுவே. காமிரா நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. செந்நிற மலரில் சிவப்புப் பங்கு மட்டும் நிரம்பி வழிந்து, இதழின் நரம்புகளும் மடிப்புகளும் அழிந்து, எல்லாம் ஒரே திட்டாகிவிடும். சுற்றிலும் கரும்பச்சை இலைகள் இருந்தால், காட்சி இருட்டென்று கொண்டு காமிரா மேலும் வெளிச்சத்தைக் கூட்டும். ஆகவே, திரையில் பூவைத் தொட்டு, பல தொலைபேசிகளில் அருகே தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, நரம்புகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

இனித் திருத்தம். மூலப்படத்தை அழிக்காமல் நகலில் வேலை செய்யுங்கள். முதலில் ஓரங்களை வெட்டி, பூவுக்குத் துணைசெய்யாதவற்றை நீக்குங்கள். அடுத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். சற்று இருண்ட படத்தைப் பெரும்பாலும் தெளிவாக்கிவிடலாம். நிரம்பி வழிந்த சிவப்பில் அழிந்துபோன நரம்பை மீட்பது அரிது. பிறகு இலையைப் பாருங்கள்: இலையின் பச்சை நீலம் பாய்ந்திருந்தால் பூவின் நிறமும் பிழையாகவே இருக்கும். நிறத்தை அழுத்தமாக்கும் வசதியைத் தொடாதிருப்பது நலம். சிவந்த பூவை ஊதாவாக்கிக் காட்டுவது திருத்தமாகாது. இல்லாத பூவை உண்டென்று பிறரை நம்பவைப்பதாகும்.

இல்லப் பொறுப்புகளால் வெளியே செல்ல இயலாத சகோதரிகள் சோர்வடைய வேண்டாம். அமெரிக்கப் பெண்மணியான இமோஜன் கன்னிங்ஹாம், மூன்று சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தம் தோட்டத்துச் செடிகளைப் படம் பிடித்தவர். 1925-இல் அவர் எடுத்த மக்னோலியா மலரின் படம் உலகப் புகழ் பெற்றது. படம் முழுவதையும் அம்மலர் ஒன்றே நிரப்பியிருக்கிறது. செல்ல இயன்றவர்கள், செந்தூலில் கொமுட்டர் இரயிலேறிக் கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கினால், பெர்டானா தாவரவியல் பூங்காவுக்கு நடந்தே போகலாம். அங்கே செம்பருத்திக்கெனத் தனித்தோட்டம் உண்டு.

பயிற்சி: ஒரே பூவைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் எடுங்கள். மறுநாள் பார்த்து, ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதைத் தேர்ந்த காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். காரணம் எழுத வராவிட்டால் மீண்டும் எடுங்கள். வரும் பெருநாளுக்கு, யாரோ எடுத்த ரோஜாவைக் காட்டிலும், தங்கள் வாசலில் பூத்த செம்பருத்தியை வாழ்த்தாக அனுப்புங்கள். ஊரிலிருக்கும் உறவினர் பூவோடு தங்கள் வீட்டையும் கண்டு மகிழ்வர்.