"சும்மாதான் இருக்காங்க": இந்தக் கணக்கு எங்கே தப்பாகுது?



"உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால் நம்மில் நிறைய பேர் சொல்ற பதில், "ஒண்ணும் பண்ணல, வீட்லதான் இருக்காங்க." சில பேர் இன்னும் சுருக்கமா "சும்மாதான் இருக்காங்க"ன்னு முடிச்சிடுவாங்க. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்றதில்லை. ஆனால் பெண்ணியம் என்ற பெரிய வார்த்தையைப் புரிந்துகொள்ள இந்தச் 'சும்மா' ஒரு நல்ல ஆரம்பம். நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, அதனால் கொஞ்சம் கணக்கு போட்டே பார்ப்போம்.

முதலில் வரையறை

சட்டம், கல்வி, சம்பளம், சொத்து, வீட்டில் முடிவெடுக்கும் உரிமை ஆகிய எல்லாவற்றிலும் ஆணும் பெண்ணும் சமம். அந்தச் சமத்துவம் இல்லாத இடத்தில் அதைக் கொண்டுவர வேண்டும். பெண்ணியம் என்பது இவ்வளவுதான். இதில் ஆண்களை வெறுப்பது எங்கேயும் வராது.

இது வெளிநாட்டு இறக்குமதி என்று சொல்பவர்களும் உண்டு. 1929-ல் நம்ம செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டாங்க. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 1989-ல், இந்தியா முழுக்க வந்தது 2005-ல். தீர்மானத்துக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் மட்டும் 60 வருஷம்!

இன்னொரு குழப்பம்: "பெண்ணியம்னா வேலைக்குப் போறது. வீட்டில் இருக்கும் பெண் பெண்ணியவாதி இல்லை." படிக்கவும் வேலைக்குப் போகவும் கதவு பூட்டியிருந்த காலத்தில், அந்தக் கதவைத் திறப்பதுதான் முதல் போராட்டமாக இருந்தது. அதனால் இந்த எண்ணம் வந்திருக்கலாம். ஆனால் 1972-லேயே இத்தாலியில் கூடிய பெண்ணியவாதிகள் 'வீட்டு வேலைக்குச் சம்பளம்' என்று ஒரு இயக்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டில் நடப்பதும் வேலைதான் என்பது பெண்ணியத்துக்குள்ளிருந்தே வந்த குரல்.

இப்போ கணக்கு

நாம ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவு பண்றோம் என்று மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்துகிறது. 2024 ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இந்த 88-ம் எல்லா ஆண்களின் சராசரி இல்லை. வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் எடுத்தால் வருவது. எதுவுமே செய்யாதவர்கள் இந்தச் சராசரிக்குள் வரவே மாட்டார்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரமும் இதில் இல்லை, அது தனிக் கணக்கு.

289-ஐ 7-ஆல் பெருக்குங்க. 2,023 நிமிடம், அதாவது வாரத்துக்குக் கிட்டத்தட்ட 34 மணி நேரம். ஐடி கம்பெனியில் வாரம் 40 மணி நேரம் என்றால் சனி, ஞாயிறு லீவு உண்டு. இந்த 34-க்கு லீவு கிடையாது. பொங்கல், தீபாவளி வந்தால் ஓவர்டைம் வேற.

இவ்வளவு வேலையும் நாட்டின் ஜிடிபியில் வருதா? வராது. சொந்த வயலில் விளைந்து வீட்டுச் சாப்பாட்டுக்கே வைத்துக்கொண்ட நெல்லுக்கு ஜிடிபியில் மதிப்பு உண்டு. அந்த நெல்லின் அரிசியைச் சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி வைப்பதற்கு மதிப்பு இல்லை. ஒரு அக்கா பக்கத்து வீட்டில் சம்பளத்துக்குச் சமைத்தால் அது பொருளாதாரம். அதே சாம்பாரைத் தன் வீட்டில் வைத்தால் அது 'சும்மா'. வேலை ஒண்ணுதான், காசு கைமாறலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோர்ட் என்ன சொல்லுது?

இந்தக் கணக்குப் பிழை முதலில் பெரிசா வெளியே தெரிந்த இடம், விபத்து நஷ்டஈடு வழக்குகள். இறந்தவரின் வருமானத்தை வைத்துத்தான் நஷ்டஈடு கணக்கிடுவாங்க. அப்போ இல்லத்தரசி விபத்தில் இறந்தால் வருமானம் பூஜ்யமா?

2001-ல் ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில், இல்லத்தரசிகள் வீட்டுக்குச் செய்த சேவையின் மதிப்பை மாதம் 3,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 2010-ல் இன்னொரு வழக்கில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்பவர்கள், சிறைக் கைதிகள் ஆகியோருடன் சேர்த்து 'வேலை செய்யாதவர்கள்' பட்டியலில் வைத்திருப்பதைக் கடுமையாக விமர்சித்தது. 2021 ஜனவரியில் வந்த தீர்ப்பு 2011 கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டியது: வீட்டு வேலைதான் எங்கள் முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் கிட்டத்தட்ட 16 கோடி, ஆண்கள் வெறும் 58 லட்சம். இல்லத்தரசிக்கும் ஒரு உத்தேச வருமானம் கணக்கிட வேண்டும், ஏன்னா அவர்கள் வேலை குடும்பத்துக்கும் நாட்டுக்கும் உண்மையான பங்களிப்பு என்றது.

இதில் ஒரு சோகம் கவனிச்சீங்களா? மேலே சொன்னதெல்லாம் அந்தப் பெண் இறந்த பிறகு போட்ட மதிப்பு. உயிரோடு இருக்கும்போது?

அதற்குப் பதில் 2023 ஜூனில் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. கணவர் பல வருஷம் சவுதியில் வேலை பார்த்தார். மனைவி இங்கே குழந்தைகளை வளர்த்து, வீட்டைக் கவனித்துக்கொண்டார். கணவர் அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கினார்கள். பிறகு "என் சம்பளத்தில் வாங்கியது, எனக்கு மட்டும்தான் சொந்தம்" என்று கணவர் வழக்குப் போட்டார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே போய் சம்பாதிக்க முடிந்தது, அதனால் அதுவும் சொத்து வாங்கியதில் ஒரு பங்களிப்புதான் என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பு சொன்னார். மனைவிக்குச் சம பங்கு கிடைத்தது.

அதே 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பேரைக் கவனிங்க, 'மகளிர் உரிமைத் தொகை'. உதவித் தொகை என்று வைக்கவில்லை. 1,000 ரூபாய் போதுமா என்பது வேற விவாதம். ஆனால் உரிமை என்ற வார்த்தை அந்தச் 'சும்மா'வுக்கு நேர் எதிர்.

வேலைக்குப் போறவங்களுக்கு என்ன மாறிச்சு?

ஒரு காலத்தில் மணமகள் தேவை விளம்பரத்தில் 'குடும்பப்பாங்கான பெண்' என்று இருக்கும். இப்போ 'வேலைக்குச் செல்லும் பெண்' என்று வருது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 10-க்கு 4 பேர் தமிழ்நாட்டில்தான் இருக்காங்க. கண்டிப்பா இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் விளம்பரத்தில் எழுதாத ஒரு வரி இருக்கு: 'குடும்பப்பாங்கும் வேண்டும்.' ஆபீஸ் முடிந்து வந்த பிறகு சமையல், துணி, ஹோம்வொர்க் என்று இன்னொரு வேலை ஆரம்பிக்குது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1989-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு 'இரண்டாவது ஷிஃப்ட்' என்று பெயர் வைத்தார். சம்பளம் மட்டும் ஒரு ஷிஃப்டுக்குத்தான்.

பேச்சு எப்படி இருக்கு பாருங்க. வீட்டில் இருந்தால் "சும்மா இருக்கா". வேலைக்குப் போனால் "புள்ளைய விட்டுட்டுப் போறா". இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி யார் நல்ல பெண் என்று பட்டிமன்றம் நடத்துறோம். உண்மையில் இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒண்ணுதான்: வீட்டு வேலையை நாம வேலையாகவே எண்ணவில்லை. அது வேலை இல்லை என்பதால் ஒருவருக்கு மரியாதை கிடைக்கலை. அது வேலை இல்லை என்பதால் இன்னொருவருக்கு அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் கிடைக்கலை.

இதை ஐஸ்லாந்துப் பெண்கள் ஒரே நாளில் காட்டினார்கள். 1975 அக்டோபர் 24. அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அன்று வேலையை நிறுத்தினார்கள். ஆபீஸ் வேலை மட்டும் இல்லை, சமையலும் குழந்தை பார்ப்பதும் சேர்த்து. அப்பாக்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். சீக்கிரம் சமைக்கலாம் என்பதால் கடைகளில் சாசேஜ் தீர்ந்து போனது. அடுத்த வருஷமே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. இல்லத்தரசியும் வேலைக்குப் போகும் பெண்ணும் சேர்ந்து நின்றதுதான் அங்கே விஷயம்.

அப்போ தீர்வு?

பொருளாதார அறிஞர் டயான் எல்சன் மூன்று படி சொல்கிறார்: அங்கீகரி, குறை, பகிர்ந்துகொள். அங்கீகாரம் கோர்ட்டில் தொடங்கிவிட்டது. குறைக்கும் வேலையை நம்ம துறை நல்லாவே செய்திருக்கு. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கையை ஓய வைத்தது கோயம்புத்தூர் கிரைண்டர். 2011-ல் அரசே இலவச மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தது. ஆனால் மூன்றாவது படி எந்த மெஷினிலும் வராது. கிரைண்டர் வந்த பிறகும் அரிசியை ஊற வைக்க ஞாபகம் வைத்துக்கொள்வது யார்? வாஷிங் மெஷினிலிருந்து துணியை எடுத்துக் காயப் போடுவது யார்?

"அம்மா தெய்வம், அவங்க அன்புக்கு விலை போடலாமா?"ன்னு கேட்கலாம். அன்புக்கு யாரும் விலை போடலை. பாத்திரம் கழுவுவதைத்தான் கணக்கு போடுறோம். தெய்வம்னு சொல்லிக் கும்பிட்டால் நாம எழுந்து பாத்திரம் கழுவ வேண்டியதில்லை, அதுதான் அந்த வார்த்தையில் இருக்கும் வசதி.

அதே மாதிரி, "வீட்டில் இருப்பது அவங்க விருப்பம்" என்று சொல்வதற்கு முன் ஒரு சோதனை. நாளைக்கு அவர் வேலைக்குப் போகணும்னு நினைச்சா போக முடியுமா? போக முடிந்தும் இருந்தால் அது விருப்பம். போகவே முடியாமல் இருந்தால் அதற்கு விருப்பம் என்று பேர் வைக்கக் கூடாது. இந்தச் சோதனை ஆணுக்கும் பொருந்தும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு ஆண் சொன்னால் நாம சிரிக்காமல் இருப்போமா?

நம்ம பேட்ச்சில் பிளேஸ்மென்ட் வாங்கிய பெண்களும் பசங்களும் ஒரே பேக்கேஜில், ஒரே நாளில் வேலையில் சேரப் போறாங்க. பத்து வருஷம் கழித்து யார் அந்த வேலையில் இருப்பாங்க என்பதை சிஜிபிஏ மட்டும் முடிவு பண்ணாது. வீட்டில் அந்த 289-ம் 88-ம் எப்படிப் பிரியுது என்பதும் சேர்ந்துதான் முடிவு பண்ணும்.

அதனால் உங்களுக்கு ஒரு சின்ன அசைன்மென்ட். அடுத்த செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போகும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவும் எடுத்துக்கங்க. காலையிலிருந்து ராத்திரி வரை வீட்டில் யார் எந்த வேலையை எத்தனை நிமிடம் செய்தாங்கன்னு எழுதுங்க. கூட்டிப் பாருங்க. கடைசியில் உங்க பேருக்கு நேரா எவ்வளவு வந்திருக்குன்னு பார்த்துட்டு, திங்கட்கிழமை அதில் முப்பது நிமிடம் சேருங்க.