அம்மா வண்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம். கூடவே இன்னொன்றும் சொன்னாள். கல்லூரிக்கு அவள் ஸ்கூட்டரை எடுத்துப் போக மாட்டேன் என்கிறாயாம். ‘பொம்பளை வண்டி’ என்று கூட்டாளிகள் ஓட்டுவார்களாம். பைக் வேண்டும் என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. உன் வயதில் கேட்காமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். நீ சொன்ன காரணம்தான் எனக்குப் பிடிபடவில்லை. வண்டிகளைப் பிரித்துப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். அதனால் அந்தக் காரணத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்கூட்டி ஓட்டும் பெண்களைப் பற்றிச் சுற்றுகிற கிண்டலில் முதலாவது, கால். இரண்டு காலையும் தொங்கவிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டே போவார்கள் என்பது. பார்த்திருப்பாய், வீடியோகூட வந்திருக்கும். பட்டறையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். சர்வீஸ் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேலைக்காரப் பையன்கள் தெருமுனை வரை போவார்கள். பல்சரில் போனால் கால் ஒட்டினாற்போல ஃபுட்ரெஸ்டில் இருக்கும். அதே பையன் அடுத்த நிமிஷம் ஸ்கூட்டரை எடுத்தால், தெரு திரும்பும்வரை இரண்டு காலும் காற்றில். மீசை வைத்த ஆள்தான். அவனை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

ஏன் அப்படி? பைக்கில் வலது காலுக்குப் பின் பிரேக், இடது காலுக்கு கியர். வேலை இருப்பதால் கால் அங்கேயே இருக்கிறது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில், கியரே கிடையாது. காலுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கால் கீழே இறங்கும். இன்னொன்றும் உண்டு. நெரிசலில் ஊர்ந்து போகும்போது பைக் ஓட்டுகிறவன் பாதி கிளட்சைப் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து வண்டியை நிதானத்தில் வைத்திருப்பான். ஸ்கூட்டரில் கிளட்ச் லீவர் இல்லை. உள்ளே இருக்கும் கிளட்ச், இன்ஜின் சுற்று கூடினால் தானாகப் பிடிக்கும், குறைந்தால் தானாக விட்டுவிடும். ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு ஊர்ந்தால் இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் ஒட்டுறவே இருக்காது. லேசாகத் திருகினால் சட்டென்று இழுக்கும். அந்த இடத்தில் காலைத் தயாராக வைப்பது பயந்த சுபாவம் இல்லை, அந்த இயந்திரத்தோடு செய்துகொண்ட சமரசம். அதைப் பார்த்துவிட்டு ‘இவளுக்கு ஓட்டத் தெரியாது’ என்கிறோம். உன் அம்மா ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டு போட்டபோது கால் ஊன்றவில்லை. ஊன்றியிருந்தால் அன்றைக்கு லைசென்ஸ் கிடைத்திருக்காது.

அடுத்தது இண்டிகேட்டர். இடது பக்கம் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்புவார்களாம். காரில் ஸ்டியரிங்கைத் திருப்பி நிமிர்த்தினால் இண்டிகேட்டர் தானே அணைந்துவிடும். நம் ஊர் இருசக்கர வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது; பொத்தானை அழுத்தித்தான் அணைக்க வேண்டும். வெயிலில் அது மின்னுவதும் கண்ணில் படாது. இரண்டு தெருவுக்கு முன்னால் போட்டது மின்னிக்கொண்டே வரும். மறந்துபோவதில் ஆண் என்ன, பெண் என்ன? கரிஸ்மாவில் வந்தவன் மறந்தால் ‘பாவம், கவனிக்கலை.’ ஸ்கூட்டியில் வந்தவள் மறந்தால் அது ஒரு ஜாதிக்கே குணம்.

இப்போது ‘பொம்பளை வண்டி’க்கு வருகிறேன். கியர் இல்லாத, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிற ஸ்கூட்டர் நம் நாட்டுக்கு வந்தது 1984-ல், கைனெடிக் ஹோண்டா. அதை வைத்திருந்தவர்கள் பேங்க் ஆபீசர், எல்.ஐ.சி. ஆபீசர் மாதிரி ஆட்கள். சஃபாரி சூட் போட்டுக்கொண்டு, உதைக்காமல் கொள்ளாமல் விரலால் ஸ்டார்ட் செய்து போனால், சாய்த்துப் பிடித்து உதைத்துக்கொண்டிருந்த சேட்டக் ஸ்கூட்டர்காரர்கள் பொறாமையாகப் பார்ப்பார்கள். அன்றைக்கு அது பவிசு. அதே கியர் இல்லாத பெட்டி, அதே பட்டன், பத்து வருஷம் கழித்து ஸ்கூட்டி என்ற பெயரில் எடை குறைந்து வந்தது. பெண்கள் வாங்கினார்கள். கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள், சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து விளம்பரத்தையும் அந்தப் பக்கம் சாய்த்தார்கள். நிறங்களை அடுக்கினார்கள். 2000-களின் நடுவில் வந்த பிளஷர் ஸ்கூட்டரின் விளம்பரம், ஜாலியெல்லாம் பையன்களுக்கு மட்டும்தானா என்றே கேட்டது. விற்பதற்காக ஒட்டிய சீட்டை நாம் வண்டியின் பிறவிக் குணம் என்று எடுத்துக்கொண்டோம்.

உனக்குப் பிடித்த புல்லட்டையே எடுத்துக்கொள். ஐம்பதுகளில் இருந்து திருவொற்றியூரில் அதைச் செய்துகொண்டிருந்த அதே என்ஃபீல்டு கம்பெனிதான், எண்பதுகளில் மோஃபா என்று ஒரு பொடி மொபெட்டையும் செய்தது. இன்ஜின் வெறும் 22 சிசி. அது விற்கவில்லை, மறைந்தது, அதனால் புல்லட்டின் கெத்துக்குச் சேதாரம் இல்லாமல் போயிற்று. விற்றிருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

டிவிஎஸ் 50 பட்ட பாடு தனி. சினிமாவில் அது வந்தாலே சிரிப்பு. ஓட்டுகிறவர் ஒன்று கஞ்சராக இருப்பார், இல்லை கிராமத்து வெகுளி. ஓசூரில் 1980-ல் வந்தபோது அதன் பெருமையே இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் என்பதுதான். நம் பட்டறைக்கு விடிகாலையில் வரும், அதன் வாரிசான எக்ஸ்எல்-ஐ ஒரு நாள் உட்கார்ந்து கவனி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பால் கேன் கட்டியிருப்பார்கள். முன்னால் ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் புண்ணாக்கு மூட்டை. சக்கரம் 16 அங்குலம். உன் அம்மா ஸ்கூட்டர் சக்கரத்தைவிட நல்ல உயரம், அதனால் வரப்பிலும் குழியிலும் இறங்கி ஏறும். அந்தச் சுமையோடு முப்பதில் போகிறவரை முந்திக்கொண்டு ஹாரன் அடிக்கிறோம். அவர் மெதுவாகப் போவது அவருடைய சுபாவத்தால் அல்ல. பின்னால் பாரம் ஏறினால் முன் சக்கரம் லேசாகிவிடும், வேகம் கூடினால் ஹேண்டில் ஆடும். அது அவருக்குத் தெரியும், ஹாரன் அடிக்கிறவனுக்குத் தெரியாது.

ஆம்னி வேனைச் சொல்லவே வேண்டாம். தமிழ்ப் படத்தில் ஆளைக் கடத்த வேண்டுமென்றால் ஆம்னிதான். பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு கேமராவுக்குத் தோதாக இருந்ததைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 1984-ல் இருந்து 2019 வரை ஓடிய அந்த வண்டியில் நிஜத்தில் போனவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சமையல் மாஸ்டரின் அண்டாக்களும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளும்.

எதற்கு இவ்வளவும் சொல்கிறேன் என்றால், ஒரு வீட்டுக்குள் வண்டி வருவதற்கு அந்த வீட்டின் வேலைகள்தான் காரணம். அக்கா வாங்கினது 2018-ல், வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசு மானியத்தில். பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய். வண்டி 125 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. நீ அப்போது சின்னப் பையன். முன்னால் தட்டையான தரை இருந்ததால் அரிசி மூட்டை நின்றது, உன் பை கொக்கியில் தொங்கியது, சேலை சக்கரத்தில் சிக்காமல் வேலைக்குப் போய்வர முடிந்தது. பைக்கின் பின் சக்கரத்தில் துணி மாட்டாமல் இருக்கப் பாதியளவாவது மூடிய தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. நம் பையன்கள் அழகு கெடுகிறது என்று முதலில் கழற்றச் சொல்வது அந்த சேலை கார்டைத்தான்! பின்னால் அம்மாவையோ தங்கையையோ ஏற்ற வேண்டி வரும் என்ற நினைப்பே இல்லாத அழகு.

யார் ஓட்டினால் ஆபத்து என்று ஒரு கணக்கும் உண்டு. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருஷம் அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையதுதான். சாவுகளில் பத்துக்கு ஏழு, அதிவேகத்தால். ஆண்கள் அதிகம் சாகிறார்கள் என்பதை வைத்து ‘பெண்கள்தான் நன்றாக ஓட்டுவார்கள்’ என்று திருப்பிப் போட மாட்டேன். ரோட்டில் ஆண்களே அதிகம் இருக்கிறார்கள், கணக்கு அப்படித்தான் வரும். ஆனால் காலைத் தொங்கவிட்டு இருபதில் போகிற ஸ்கூட்டி இந்தப் பட்டியலின் உச்சியில் இல்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

உண்மையில் ஓட்டுகிறவரைப் பற்றி வண்டி சொல்லும். அதைக் கேட்க வீலைக் கழற்ற வேண்டும். பின் பிரேக் ஷூ காகிதம் மாதிரி தேய்ந்து, முன் ஷூ புதுசாகவே இருந்தால், முன் பிரேக்கைத் தொடப் பயப்படுகிறவர் என்று அர்த்தம். யாரோ, எப்போதோ, முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இதை ஆண்கள் வண்டியிலும் பெண்கள் வண்டியிலும் சரிசமமாகப் பார்க்கிறேன். ரியர் வியூ மிரரைத் திருகி முகம் பார்க்கிற கோணத்தில் வைத்திருப்பவர்களும் அப்படித்தான்; அதில் கல்லூரிப் பையன்கள் கொஞ்சம் கூடுதல், கோபித்துக்கொள்ளாதே.

அக்கா வண்டியை எடுக்கிறாயோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டு வா. பெல்ட்டும் ரோலரும் பார்த்து நாளாகிறது. அந்த வண்டியில் இடது லீவரைப் பிடித்தால் பின்னோடு முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். காலி ரோட்டில் இருபதில், பிறகு முப்பதில் போய் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று நீயே பார்த்துப் பழகிக்கொள். புறப்பட்டதும் காலை மேலே தூக்கி வை. பழகும்வரை கஷ்டமாக இருக்கும். டிக்கியில் இருக்கும் அம்மாவின் மழைக்கோட்டையும் ஆர்.சி. நகலையும் எடுத்து வெளியே போட்டுவிடாதே. பைக் விஷயத்தை நேரில் பேசுவோம். ஒரு பழைய வண்டி என் கண்ணில் பட்டிருக்கிறது, செயின் ஸ்பிராக்கெட் மட்டும் மாற்ற வேண்டும். சேலை கார்டு இருக்கிறது.

அன்புடன்,
மாமா