ஒரே விபத்து, இரண்டு கதை

கேள்வி: 'கான்ட்ராடியெம்போ' என்ற ஸ்பானியப் படம் பார்த்தேன். முடிவு தெரிந்த பிறகும் மறுபடி பார்க்கத் தோன்றுகிறதே, ஏன்?
– வாசகர், எளாவூர்

பதில்: ஓரியோல் பவுலோ 2016-இல் எடுத்த அந்தப் படத்தில் பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஒரே சாலை விபத்து இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. முதலில் காதலி கல்நெஞ்சுக்காரி, நாயகன் பதறுகிறான். அடுத்த முறை சொல்லும்போது குணங்கள் இடம் மாறிவிடுகின்றன. இரண்டையும் நாம் கண்ணால் பார்த்தோம், நம்பினோம்! தடயத்தை மறைக்காமல் நம் முன்னாலேயே வைக்கிற நேர்மைதான் மறுபடி இழுக்கிறது. உங்கள் ஊர்ச் சோதனைச்சாவடி தாண்டி வடக்கே போனால் இந்தக் கதை தெலுங்கில் 'எவரு'; இந்தியில் 'பத்லா'. இரண்டும் 2019. தமிழுக்கு வந்தது பவுலோவின் முந்தைய படம், பிணவறையில் பிணம் காணாமல்போகும் கதை: 'ஒரு மெல்லிய கோடு' (2016). ஆனால் எஸ். பாலசந்தர் 1954-லேயே 'அந்த நாள்' படத்தில், பாட்டே இல்லாமல், ஒரே சம்பவத்தை மாற்றி மாற்றிச் சொல்லும் இந்த வித்தையைச் செய்துவிட்டார். தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுவார். ஒவ்வொருவரும் பேசப் பேச நம் சந்தேகம் ஆள் மாறும். அவசியம் பாருங்கள்.