இலைகளும் சின்னக் கைகளும்

சிறு பிள்ளைகளின் கைவேலை என்றதும் வர்ணக் கடதாசியும் மினுக்கமும் பசையும் வாங்கக் கடைக்கு ஓடுவது நமக்குப் பழகிவிட்டது. முற்றத்தில் கிடக்கும் இலைகளையோ கூட்டி ஒதுக்கிவிடுகிறோம். சென்ற விடுமுறையில் தம்பிக்கும் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் இலைகளால் சில பொருட்கள் செய்யப் பழக்கினேன். அதில் விளங்கிக்கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

ஒவ்வோர் இலைக்கும் ஒரு குணம் உண்டு. பலா இலை தடிப்பானது. அதைக் கோலி, ஈர்க்குக் குத்தி, கூழ் குடிக்கப் பாவிப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அதே இலைகளை வரிசையாக அடுக்கி ஈர்க்கால் இணைத்தால் பிள்ளையின் தலைக்கு ஒரு கிரீடம் தயார். பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு முனையை மெல்ல நசுக்கி ஊதினால் பீப்பீ சத்தம் வரும். இதற்கு நன்றாக முற்றாத இலையே நல்லது. தென்னோலையின் ஈர்க்கை உரித்தெடுத்தால் இரண்டு கீற்றுகள் கிடைக்கும். ஒன்றை மற்றதன் நடுவில் மடித்துப் போட்டு, மற்றதையும் அதன்மேல் மடித்துக் கோத்து இறுக்கினால் நான்கு இறகுள்ள காற்றாடி. உரித்த ஈர்க்கே அதற்கு அச்சு.

இலை அச்சு எடுப்பதும் இலகுவானது. நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி இலையை வைத்து, அதன்மேல் வெள்ளைக் கடதாசியை விரித்து, வர்ணக் கட்டியைச் சாய்த்து உரச வேண்டும். இரண்டு இலைகளை உரசிப் பார்த்த தம்பி, "ராத்தா, ஓலையில கோடு மட்டும்தான் இருக்கு, கொய்யா இலையில வலை இருக்கு" என்றான். சமாந்தர நரம்பமைப்பு, வலையுரு நரம்பமைப்பு என்று விஞ்ஞானப் பாடத்தில் நாம் மனனம் செய்ததை அவன் கண்ணால் கண்டுபிடித்தான்.

ஒரு விடயத்தில் கவனம் தேவை. அலரியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் தீங்கு. ஆகவே பெரியவர்கள் பெயர் சொல்லிக் காட்டிய இலைகளை மட்டுமே பிள்ளைகள் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கைகளைக் கழுவ வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். காற்றாடி செய்த நாளில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கீற்று கழன்றுகொண்டே இருந்தது. "கொண்டா, நான் செஞ்சு தாறேன்" என்று அவளது உம்மா கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மூன்று தரம் அவிழ்த்துக் கோத்தாள். நான்காம் தரம் கோணலாக ஒரு காற்றாடி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், அது சுற்றியது. பாடசாலைக் கண்காட்சிக்காக நாம் இரவிரவாகச் செய்து அனுப்பும் அழகான பொருட்களில் பிள்ளையின் விரல் எத்தனை தரம் பட்டிருக்கும்?

செய்முறையை ஒருமுறை மெதுவாகக் காட்டுங்கள். பிறகு அருகில் உட்கார்ந்திருங்கள், கேட்டால் மட்டும் உதவுங்கள். ஓலைக் காற்றாடி இரண்டு நாளில் காய்ந்துவிடும். கவலை வேண்டாம், அடுத்ததைச் செய்யப் பிள்ளைக்குத் தெரியும்.