திசைகாண் ஓட்டத்தில் இளையோர் வகுப்புக்கள்

தன் ஊரைத் தான் நன்கறிவேன் என்று கூறாதார் எவருமிலர். ஆயினும் அவ்வூரின் படத்தைக் கையிற் கொடுத்து, “நீ இப்பொழுது நிற்குமிடம் இதில் யாது?” என்று வினவினால், விடை தெரியாது விழிப்போரே பலர். கண்டு பழகிய நிலத்தைக் கருத்தினாலும் அறியும் இவ்வாற்றலை வளர்ப்பதற்கென்றே மேனாட்டார் ஒரு விளையாட்டை வகுத்துள்ளனர். அதனை அவர்கள் ‘ஓரியண்டியரிங்’ என்பர். யாம் திசைகாண் ஓட்டம் என்போம். அதிலே இளையோரை எவ்வாறு வகுப்புக்களாகப் பிரிக்கின்றனர் என்பதனையும், அப்பிரிவின் நோக்கத்தையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இவ்விளையாட்டின் இலக்கணம் சுருங்கியது. ஓடுவோன் கையில் ஒரு படமும் திசையறி கருவியும் தரப்படும். படத்தில் முக்கோணம் புறப்படுமிடத்தையும், எண்ணிட்ட வட்டங்கள் கண்டடைய வேண்டிய நிலைகளையும், இரட்டை வட்டம் முடிவிடத்தையும் குறிக்கும். நிலத்திலே அந்நிலைகளில் வெண்மையும் ஆரஞ்சு நிறமும் கலந்த முப்பக்கக் கொடி தொங்கும். எண் வரிசை தவறாது எல்லா நிலைகளையும் கண்டு, குறைந்த காலத்தில் மீள்பவனே வென்றவனாவான். ஒரு நிலையினின்று மற்றொன்றுக்குச் செல்லும் வழியைத் தெரிந்துகொள்ளுதல் ஓடுவோன் பொறுப்பேயாம். ஆதலின் இது காலுக்கும் மதிக்கும் ஒருங்கே வைத்த பரீட்சை.

படைவீரர் பயிற்சியாகத் தோன்றிய இது, 1897 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள் நார்வே நாட்டில் பொதுமக்கள் போட்டியாக நடைபெற்றது. பின்னர் ஸ்வீடன் தேசத்துப் படைத்தலைவரும் சாரணர் தலைவருமாகிய எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்பார், இளைஞருக்கு ஓட்டப் பந்தயங்களில் ஊக்கம் குன்றுவதைக் கண்டு, 1919 ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரின் அருகே ஒரு பெரும் போட்டியை நடத்தினர். 1961 இல் உலகச் சம்மேளனமும், 1990 முதல் இளையோர்க்கென்று தனி உலகப் போட்டியும் ஏற்பட்டன.

இனி வகுப்புக்களைக் காண்போம். இங்கே தொடக்கத்திலேயே இரண்டு சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். வகுப்பு என்பது யார் யாரோடு போட்டியிடுகின்றனர் என்பதைக் குறிப்பது. தடம் என்பது அவர்கள் எவ்வழியே செல்லவேண்டும் என்பதைக் குறிப்பது. இரண்டு மூன்று வகுப்பினர் ஒரே தடத்தில் ஓடுதலுமுண்டு. ஆயினும் முடிவுகள் தனித்தனியே கணிக்கப்படும். இவ்வேறுபாட்டை உணராமையாலேயே புதியோர் பலர் மயங்குகின்றனர்.

வகுப்புக்கள் வயதுபற்றியன. ஆடவர், பெண்டிர் என இரு பகுதியாக, 10, 12, 14, 16, 18, 20 என்னும் வயதெல்லைகளால் அவை வழங்கும். வயதைக் கணிப்பது பிறந்தநாளைக் கொண்டன்று, ஆண்டைக் கொண்டேயாம். ஒருவன் குறித்த வயதை எய்தும் ஆண்டின் இறுதி வரையில் அவ்வகுப்பிற்கு உரியவன். 2014 ஆம் ஆண்டு ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் 2026 முழுவதும் 12 வயது வகுப்பினரே. 2027 பிறந்ததும் இருவரும் 14 வயது வகுப்பிற்கு ஏறுவர். இளையோன் விரும்பின் தன்னின் மூத்த வகுப்பில் ஓடலாம். தன்னின் இளைய வகுப்பிற்கு இறங்குதல் கூடாது. வலியோன் மெலியோரோடு பொருது பரிசில் கவராதிருத்தற்கு இஃது ஏற்ற காவலன்றோ?

தடங்களோ அருமை எளிமை பற்றியன. நிறத்தாற் பெயர் பெறுவன. அமெரிக்க நாட்டு வழக்கின்படி வெள்ளைத் தடம் 10, 12 வயதினர்க்கும், மஞ்சள் 14 வயதினர்க்கும், ஆரஞ்சு 16 வயதினர்க்கும் உரியன. அவற்றிற்கு மேற்பட்ட தடங்கள் அருமையில் ஏறக்குறைய ஒத்தனவாய், நீளத்தில் வேறுபடுவன. எழுதப் பழகாத மழலைகளுக்கு நிலைக்கு நிலை நூல் கட்டி, அதனைப் பற்றிச் செல்லவிடும் நூல் தடமும் உண்டு.

இப்படிகளை நம் ஓட்டப்பிடாரத்து நிலத்தில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஸ்வீடன் நாட்டார் ஓடுவது மரஞ்செறிந்த வனத்தில். இப்பக்கத்தார் காடு என்று கூறுவதோ மானாவாரிக் கரிசற் புன்செய். இங்கு மலையில்லை, மறைவில்லை. எங்கும் ஒரே நிறமாய் விரிந்து கிடத்தலே இங்குள்ள இடர். ஆகையால் வண்டிப்பாதை, ஓடை, குளத்துக்கரை ஆகிய இவையே நமக்குக் கைப்பிடி. வெள்ளைத் தடத்தில் வண்டிப்பாதையை விட்டு இறங்க வேண்டுவதில்லை. பாதை பிரியும் இடந்தோறும் ஒரு கொடி நின்று வழிகாட்டும். மஞ்சள் தடத்தில் பாதையோடு ஓடையும் கரையும் கைப்பிடியாகும். கொடியில்லாத பிரிவொன்றில் சிறுவன் தானே முடிவு செய்தல் வேண்டும். ஆரஞ்சுத் தடத்தில் கைப்பிடியை விட்டுக் காட்டின் குறுக்கே சென்று, ஒற்றைப் பனையையோ கிணற்றையோ கண்டடைதல் வேண்டும். தவறினும் அப்பால் ஒரு குளத்துக்கரை தடுத்து நிறுத்தும். அதற்கும் மேற்பட்ட தடங்களில் அத்தடுப்பும் இராது. திசையும் அடிக்கணக்குமே துணை. 10,000 இல் ஒரு பங்கான படத்தில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 100 மீட்டராம். தன் அடி எத்தனை கொண்டது 100 மீட்டர் என்பதை ஒவ்வொருவனும் அளந்து வைத்துக்கொள்ளல் நன்று. மழைக்காலத்தில் கரிசல் காலைப் பற்றுதலால் இக்கணக்குப் பிழைபடும். அன்றியும் விதைத்த காட்டிற் கால் வைத்தல் இவ்விளையாட்டின் விதிக்கே விரோதம். ஆதலின் அறுவடைக்குப் பிந்திய காலமே இங்குப் பொருந்துவது.

யாம் செய்த பிழையொன்றை ஈண்டு மறையாது கூறுதல் கடன். ஒரு பங்குனி மாதத்து விடியற்காலையில், கதிரறுத்து வெறிதாய்க் கிடந்த காடுகளில் சிறுவர் சிலருக்கு இவ்வோட்டத்தை நடத்தினோம். வயதை மட்டும் நோக்கித் தாள்களை வழங்கினோம். படத்தைத் தொட்டும் அறியாத 13 வயதுப் பையன் ஒருவனுக்கு மஞ்சள் தாள் கிடைத்தது. ஏனையோர் மீண்டனர், அவனைக் காணோம். வெயில் ஏறிற்று. யாம் பதறித் தேடிச் சென்றபோது, பாதை பிரியுமிடத்திற்கு அப்பால் ஓர் உடைமரத்தடியில் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருந்தான். “தெரியாதென்று முன்பே சொல்லியிருக்கலாமே, தம்பி?” என்றோம். “அண்ணே, சின்னப் பிள்ளைகள் தாளை நான் எப்படிக் கேட்பேன்? சிரிப்பார்களே,” என்றான். அன்றே வெள்ளைத் தடத்தை விரைவில் முடித்த 11 வயதுச் சிறுமியோ, “அண்ணே, இது லேசாய் இருக்கிறது, அடுத்த தாளைத் தாருங்கள்,” என்று நின்றாள். இருவரும் எமக்கு ஒரே பாடத்தைக் கற்பித்தனர்.

அஃதாவது, வயது போட்டிக்கு எல்லை வகுக்கலாம். கல்விக்குத் தொடக்கம் வகுக்கலாகாது. முதன்முதல் வருவோன் எவ்வயதினனாயினும், பரிசுக் கணக்கிற் சேராது வெள்ளைத் தடத்தில் ஒருமுறை ஓடுதல் இழிவன்று என்பதை நடத்துவோரே முன்கூட்டி உரைத்தல் வேண்டும். அடுத்த சனிக்கிழமை அப்பையனோடு எம்மில் மூத்தாரும் வெள்ளைத் தாளைக் கையிலேந்தி ஓடினோம், எவரும் சிரித்திலர். சில வாரங்களில் அவனே மஞ்சள் தடத்திற்குக் கொடி கட்டும் பணியை ஏற்றான்.

மற்றொரு விதியும் மறக்கற்பாலதன்று. ஓட்டத்தை முடித்தவனாயினும் இடையில் விட்டவனாயினும் முடிவிடத்திற்கு வந்து தன்னைத் தெரிவித்தே தீரல் வேண்டும். நிழலற்ற நம் கரிசற் காட்டில் இவ்விதி உயிர்க்காவலாகும். புறப்பட்டோர் தொகையும் மீண்டோர் தொகையும் ஒத்துநிற்குமளவும் நடத்துவோன் இடம்விட்டுப் பெயர்தல் ஆகாது; தண்ணீரும் குறைவற வைத்தல் வேண்டும்.

நம் கல்லூரி மாணாக்கருட் பலர் நாளை ஆசிரியராவர். வகுப்பறையிலும் வெள்ளைத் தாள் வேண்டுவோனுக்கு ஆரஞ்சுத் தாளைக் கொடுத்துவிட்டு, அவன் திரும்பவில்லையே என்று வெகுளுதல் உண்டன்றோ? அவன் நிற்குமிடத்தை முதலில் அறிவோம். அங்கிருந்து அவனை நடத்துவோம். படத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு முதற் கேள்வியும் அதுவே: நாம் இப்பொழுது நிற்குமிடம் யாது?